சிரட்டையும் திரையும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பெருவீதியில் வரக்காப்பொலயைக் கடக்கிறவர்கள் பலர் தலகுலி வாங்காமல் போவதில்லை. எள்ளை இனிப்போடு இடித்து உருட்டிக் காகிதத்தில் சுற்றிய அந்தப் பண்டத்துக்காகவே வாகனங்கள் நிற்கும். கடைத்தெருவை விட்டு உள்ளே திரும்பினால் ரப்பர் மரங்கள் தொடங்கிவிடும். அந்த மரங்களுக்கு நடுவே, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில்தான் நான் எண்ணப் பழகினேன். பள்ளிக்கூடமும் சிலேட்டும் பிறகு வந்தன. முதலில் வந்தது தாயக்கட்டம்.

ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், அதே வரக்காப்பொலயில், என் வீட்டு முன்னறை மேசையில் இருபது முகமுள்ள ஒரு பகடை உருண்டது. உருட்டியவன் என் தம்பி மகன். உருண்ட இடம் ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால். அதில் விழுந்த எண் ஒன்று, அவன் வாய் சொன்ன எண் இன்னொன்று. அன்றிலிருந்து என் மனம் இஸ்தோப்புக்கும் மேசைக்கும் நடுவே போய்வந்துகொண்டிருக்கிறது. காய் உருட்டும் கை எப்படி மாறியது, காய் விழும் இடம் எப்படி மாறியது என்று எழுதிவைக்கத் தோன்றியது.

அன்று: கரிக்கோட்டுக் கட்டம்

அப்பாவின் அம்மாவான அப்பாயி அடுப்புக்கரியால் இஸ்தோப்புத் தரையில் கட்டம் கீறுவார். வெட்டுப்படாமல் காய் தங்கும் இடங்களுக்குக் குறுக்குக்கோடு போட்டு மலை என்பார். சுற்றி முடித்து வீடு சேர்ந்த காய் பழம். உருட்டுவதற்கு இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் இருந்தன. இந்தியாவிலிருந்து வந்த மூத்த தலைமுறையின் சேலை முடிச்சில் வந்தவை என்று அப்பாயி சொல்வார். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றிலும் 1, 2, 3 என்று புள்ளிகள்.

பிறகு கணக்கு வாத்தியாராகப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லித்தந்த காலமெல்லாம் நான் அந்தக் கட்டைகளைத்தான் நினைத்துக்கொள்வேன். இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒரு புள்ளியும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது 2 விதத்தில் நடக்கும், அதாவது எட்டுக்கு ஒன்று. தாயம் விழாமல் காய் கட்டத்துக்குள் இறங்காது. பத்து தடவை உருட்டியும் தாயத்தைக் காணாமல் இருப்பது ஏதோ சாபம் போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் நாலு பேரில் ஒருவருக்கு அது நேரத்தான் செய்யும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. அது 16 இல் ஒரே ஒரு விதம். 1, 5, 6, 12 விழுந்தவர் மறுபடி உருட்டலாம். ஒருவர் கையில் கட்டை நின்றுவிட்டால் எதிராளியின் காய்கள் வரிசையாக வெட்டுப்படும். அப்போது இஸ்தோப்பில் எழும் கூச்சல் அடுத்த லயத்துக்குக் கேட்கும்.

கள்ளம் செய்ய வழி இருந்தது. கட்டையை உருளவிடாமல் தரையோடு சறுக்கிவிட்டால் மேலே வைத்த பக்கம் மேலேயே நிற்கும். எங்கள் சித்தப்பா ஒருவர் அதில் தேர்ந்த கைகாரர். அவர் கை கொஞ்சம் தாழ்ந்தால் போதும், நாலு பக்கமிருந்தும் குரல் வரும்.

“உருளல, உருளல! மறுக்காப் போடு!”

அந்தக் குரல்களில் ஒன்று கண் மங்கிய கிழவியுடையதாக இருக்கும், இன்னொன்று இடுப்புயரச் சிறுமியுடையதாக இருக்கும். சித்தப்பா மறுபேச்சில்லாமல் திரும்ப உருட்டுவார். யாழ்ப்பாணத்தார் இதை அளாப்பல் என்பார்கள். எங்கள் லயத்தில் அழுகுணி ஆட்டம். நடுவர் என்று தனியாக யாரும் கிடையாது. கட்டத்தைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை கண்களும் நடுவர்தான்.

ஆனால் அந்த ஆட்டத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை அழுதுகொண்டே வந்து உட்கார்ந்தால் அப்பாயி எல்லாருக்கும் கேட்கச் சொல்வார்: “இவன் ஒப்புக்குச் சப்பாணி. இவன் காய யாரும் வெட்டக்கூடாது.” தமிழ்ப் பிள்ளைகள் விளையாட்டில் இந்த ஒப்புக்குச் சப்பாணிக்கு எவ்வளவு காலம் வயதோ தெரியாது, ஆனால் அதைவிட நேர்மையான சலுகை ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. சலுகை பெறுகிறவனுக்கு அது சலுகை என்று தெரியும். கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். ஏழெட்டு வயதில் ஒருநாள் அவனே எழுந்து, “இனி நான் சப்பாணி இல்ல, என் காயையும் வெட்டுங்க” என்பான். அப்படி நான் சொன்ன நாள் எனக்கு நினைவிருக்கிறது. முதல் காய் வெட்டுப்பட்டபோது அழுகை வந்தது. அதோடு நெஞ்சு நிமிர்ந்ததும் நினைவிருக்கிறது.

சிரட்டைக்குள் சோழி

சித்திரை வந்தால் பக்கத்துச் சிங்கள ஊரில் பஞ்ச கெலிய தொடங்கிவிடும். தாயத்துக்கு அக்கா தங்கை உறவு. சோழிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார்கள். வாய் மேலே தெரியும் சோழிகளை எண்ணிக் காய் நகர்த்துவார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். புத்தாண்டு எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நாளில் வருவதால் பலகாரத் தட்டோடு போகும் எங்களையும் பாயில் உட்காரவைத்துவிடுவார்கள். மொழி தடுமாறும். சோழியை எண்ண மொழி வேண்டியிருக்கவில்லை.

சிரட்டை ஏன் என்று அந்த வயதில் கேட்டேன். கையில் குலுக்கினால் கை பேசும், சிரட்டையில் குலுக்கினால் சோழிதான் பேசும் என்று அந்த வீட்டு ஆச்சி சொன்னார். பல ஆண்டு கழித்து ஒரு புத்தகத்தில் படத்தோடு பார்த்தேன்: ஜெர்மனியில் வெட்வைஸ் ஃப்ரோய்ட்ஸ்ஹைம் என்ற இடத்தில் 1985 இல் ரோமானியர் காலத்துப் பகடைக் கோபுரம் ஒன்று கிடைத்திருக்கிறது. கி.பி. 4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மேலே போட்ட பகடை உள்ளே இருக்கும் படிகளில் மோதி உருண்டு கீழே வாசலில் வந்து விழும். எறியும் கையை நம்பாமல் செம்பில் கோபுரம் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆச்சிக்கு அதே வேலையை ஒரு சிரட்டை செய்தது.

எங்களுக்குச் சிரட்டை வேறொரு காரியத்துக்கும் பழக்கமான பொருள். ரப்பர் மரத்தில் கீறல் போட்டால் வடியும் பாலை ஏந்திக்கொள்வதும் அதுவேதான். அப்பா விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மரம் மரமாகக் கத்தி போட்டு, மத்தியானத்தில் சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்குப் போவார். அங்கே பாலை அளப்பார்கள். தண்ணீர் கலந்திருக்கிறதா, காய்ந்தால் எவ்வளவு ரப்பர் தேறும் என்று பார்க்க மெட்ரோலக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார்கள். மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதை ஒருவர் குனிந்து பார்த்து எண் சொல்வார். அந்த எண்தான் அன்றைய பெயர், அதாவது நாட்கூலி, முழுப்பெயரா, அரைப்பெயரா என்பதைத் தீர்மானிக்கும்.

நாங்கள் இருந்த தோட்டத்தில் அந்த எண்ணை அப்பா ஒரு நாளும் தன் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கக் கேட்டால் சண்டை. சொன்ன எண் சரியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் சாயங்காலம் வந்து இஸ்தோப்பில் உட்காரும் அப்பாவின் முகத்தில், உழைத்த களைப்போடு சந்தேகத்தின் களைப்பும் சேர்ந்திருக்கும். அதே அப்பா தாயக்கட்டத்தில் தோற்கும்போது சிரிப்பார். இரண்டு தோல்விக்கும் இருந்த வேறுபாடு எனக்குப் பிறகுதான் விளங்கியது. கட்டை விழுவதை அவர் பார்த்தார். மிதவை நின்றதை அவர் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய மேசை ஒன்றும் இருந்தது. 1948 இல் எங்கள் மலையகத் தமிழ் மக்களின் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974 இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை. அப்பாயியின் தம்பி குடும்பம் இந்தியக் கணக்கில் விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனார்கள். புறப்படும்போது அப்பாயி அந்தப் பித்தளைத் தாயக்கட்டைகளைத் தம்பி மகள் கையில் கொடுத்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் புளியங்கொட்டைதான். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கி, வெள்ளை மேலே விழுந்தவற்றை எண்ணுவோம்.

விழுந்தவரை எழுப்பும் களம்

எங்கள் தோட்டங்களில் இரவு முழுக்க ஆடும் கூத்துகள் மூன்று பேர்போனவை: காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு. தபசுக் கதைக்குப் பின்னால் ஒரு பகடை இருக்கிறது. பாண்டவர் காட்டுக்குப் போனதே அதில் தோற்றுத்தான். துரியோதனன் பந்தயம் வைத்தான், சகுனி அவனுக்காகக் காய் உருட்டினான். சகுனியின் காய் அவன் தகப்பன் எலும்பில் செய்தது, அவன் சொன்னபடி விழும் என்பது மக்கள் வாய்க்கதை. வள்ளுவர் சூதுக்கு 94 ஆம் அதிகாரத்தை முழுதாகக் கொடுத்தார். அப்பாயி எங்களைக் காசு வைத்து ஆடவிடாததற்கும் சகுனி கதைதான் காரணம். “காய் பொய் சொன்னா நாடு போகும்டா” என்பார்.

பொன்னர் சங்கர் கூத்தில் நான் மறக்காத கட்டம் படுகளம். வீரர்கள் மாண்டு விழுந்துகிடப்பார்கள். தங்கை தங்காள் வந்து புலம்பி, நீர் தெளித்து அவர்களை எழுப்புவாள். கூட்டம் அழும், சிலருக்கு அருள் வரும். காமன் கூத்திலும் எரிந்துபோன காமன் மூன்றாம் நாள் எழுந்து வருவான். சாவும் எல்லாருக்கும் முன்னால் நடந்தது, எழுப்புவதும் எல்லாருக்கும் முன்னால் நடந்தது. “சாகவே இல்லை” என்று யாரும் எங்களை ஏமாற்றவில்லை. செத்தவரை எழுப்ப இவ்வளவு கண்ணீரும் இவ்வளவு வேண்டுதலும் ஆகும் என்று காட்டித்தான் எழுப்பினார்கள்.

நடுவில்: அட்டையும் போனும்

எண்பதுகளில் லூடோ அட்டை வந்தது. இந்தியப் பச்சீசியிலிருந்து பிறந்து 1896 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம், அச்சு அட்டையாக வரக்காப்பொலக் கடைகளில் தொங்கியது. கரிக்கோடு மறைந்தது, பிளாஸ்டிக் டப்பாவில் குலுக்கும் ஆறுமுகப் பகடை வந்தது. அதிலும் எல்லாரும் பார்க்கத்தான் விழுந்தது.

பிறகு போன். 2016 இல் மும்பைப் பக்கத்து நிறுவனம் ஒன்று வெளியிட்ட லூடோ கிங், 2020 ஊரடங்கில் எங்கள் லயங்களுக்கும் வந்துசேர்ந்தது. வெளிநாட்டில் வேலைக்குப் போன தாயும் லயத்தில் இருந்த மகளும் ஒரே கட்டத்தில் ஆடியதை நான் பார்த்தேன். அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக ஒரு முணுமுணுப்பும் கூட வந்தது. “எனக்கு மட்டும் ஆறு தரமாட்டேங்குது. இது கள்ளம் பண்ணுது.”

ஆறுமுகப் பகடையைப் பத்துமுறை உருட்டி ஒரு ஆறும் விழாமல் போக ஆறுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு உண்டு. அது கள்ளமில்லை, எண்களின் இயல்பு. இஸ்தோப்பில் பத்து தடவை தாயம் விழாதபோது யாரும் புளியங்கொட்டையைச் சந்தேகிக்கவில்லை, ஏனென்றால் அது உருண்டதைக் கண்ணால் கண்டோம். போனில் உருள்வது பகடையின் படம். எண் எங்கேயோ உள்ளே பிறக்கிறது.

அந்தச் சந்தேகத்துக்கு முழுக்கவே இடமில்லை என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் ஃபயர் எம்ப்ளம் என்ற வீடியோ ஆட்டத்தொடரில் 2002 முதல் வந்த பல பாகங்களில், அடி விழ 90 சதவீத வாய்ப்பு என்று திரை காட்டினால் உண்மையில் அது 98 சதவீதமாக இருந்தது. உள்ளே இரண்டு எண்களை எடுத்துச் சராசரி பார்த்தார்கள். ஆடுகிறவர் மனம் நோகாமல் இருக்கச் செய்த இரக்கம் என்றே அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும் காட்டிய எண் பொய்தான்.

இன்று: மேசையும் திரையும்

தம்பி மகன் கொழும்பில் கணினி வேலை பார்க்கிறான். புத்தாண்டு விடுமுறைக்கு மூன்று நண்பர்களோடு வந்தான். பையிலிருந்து பல முகப் பகடைகளை எடுத்துக் கொட்டினான்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்க, 1974 இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளிவந்தது. முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

இதில் பலகை கட்டாயமில்லை. ஒருவர் கதை நடத்துவார். அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர், பிள்ளைகள் டீ.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கூத்து வாத்தியார் போல டீ.எம். மற்ற எல்லாப் பாத்திரத்துக்கும் குரல் கொடுப்பார். ஆனால் கூத்தில் முடிவு முன்பே தெரியும், இதில் யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இதன் உயிர்.

டீ.எம். முன்னால் மடக்கு அட்டைத் திரை ஒன்று நிற்கும். அதற்குப் பின்னால் வரைபடம், பூதங்களின் பலம், வரப்போகும் திருப்பங்கள். பலர் பகடையையும் அதற்குப் பின்னால்தான் உருட்டுகிறார்கள். விழுந்த எண் கதையைக் கெடுக்கும்போலத் தெரிந்தால் வேறு எண் சொல்லிவிடுவதும் உண்டு. ஃபட்ஜ் பண்றது என்கிறார்கள். இதைப் பற்றி வெகுகாலமாக வாக்குவாதம் இருக்கிறது. 1979 இல் வந்த நடத்துநர் கைநூலில் கைகாக்ஸ் பகடையை மீறும் உரிமையை நடத்துநருக்குக் கொடுத்தார். எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவர் வெறும் துரதிர்ஷ்டத்தால் சாகப்போனால், சாவுக்குப் பதில் மயக்கமோ அங்கக் குறைவோ நேர்ந்ததாக வைக்கலாம் என்றும் எழுதினார். 2014 இல் வந்த கைநூல், திரைக்குப் பின்னால் உருட்டினால் எண்ணைத் திருத்த வசதி உண்டு, அடிக்கடி செய்யாதீர்கள், செய்வதை வெளிக்காட்டாதீர்கள் என்கிற கருத்தில் பேசுகிறது.

அந்தக் கடைசி அறிவுரையோடுதான் எனக்கு வழக்கு.

தம்பி மகன் எழுதிய கதை அருமையானது. இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழி ஒன்றின் அடியில் தூங்கும் பூதம், அதை எழுப்பிவிட்ட பேராசைக்காரன், குழிக்குள் இறங்கும் நாலு பேர். என் மகளின் பாத்திரம் பால்வெட்டுக் கத்தியோடு வரும் தோட்டத்துப் பெண். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் பூதத்தின் முன்னால் தனியாக நின்றாள். பூதத்தின் அடிக்கு அவன் திரைக்குப் பின்னால் உருட்டினான். தேத்தண்ணி கொடுக்கப் போன நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். விழுந்தது 20. தடுக்க முடியாத அடி. இருந்த காயத்தோடு அவள் பிழைத்திருக்க வழியில்லை.

“எட்டு. அடி தப்பிருச்சு” என்றான்.

அவள் தன் முறைக்கு உருட்டினாள், மேசைமேல், எல்லாரும் பார்க்க. 17. பூதம் விழுந்தது. என் மகள் கதிரையை விட்டுக் குதித்தாள். அன்று இரவு முழுக்க அந்த வெற்றியை அவள் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவனே அன்போடு உண்மையைச் சொல்லிவிட்டான். அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப நான் ஜெயிக்கலயா அண்ணே?”

அவள் உருட்டிய 17 உண்மையான 17. அதில் எந்தக் கலப்படமும் இல்லை. ஆனால் முந்திய 8 பொய்யானதால் அந்த 17 உம் அவள் கையைவிட்டுப் போய்விட்டது. ஒரு காயைத் திருத்தினால் அந்தக் காய் மட்டும் கெடுவதில்லை, அதற்குப் பிறகு விழுந்த அத்தனை காயும் கேள்விக்கு உள்ளாகிறது.

அவனோடு உட்கார்ந்து பேசினேன். அவன் தரப்பிலும் நியாயம் இருந்தது.

“பெரியப்பா, ஒரு கெட்ட காய்க்காக மூணு நாள் கதை சாகணுமா? அவ அழுதிருப்பா. நான் கதை சொல்றவன். எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கே.”

“பொறுப்பு இருக்கு. நீ இரக்கப்பட்டது சரி. யாரைக் கேட்டு இரக்கப்பட்ட?”

அவன் யோசித்தான். நான் அவனுக்கு ஒப்புக்குச் சப்பாணியைச் சொன்னேன். படுகளத்தைச் சொன்னேன். அவன் தாத்தா பார்க்காத மெட்ரோலக் கோட்டையும் சொன்னேன். ஸ்டோரில் எண் சொன்னவரையும் இவனையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஒருவர் கையில் எங்கள் சோறு இருந்தது. இன்னொருவன் கையில் ஒரு சிறுமியின் சந்தோஷம் இருந்தது, அதை அவன் காப்பாற்றத்தான் நினைத்தான். ஆனால் இரண்டு இடத்திலும் பார்க்க முடியாதவர் நிலை ஒன்றுதான். தனக்குக் கூடியதோ குறைந்ததோ, அது தன்னைக் கேளாமல் நடந்தது.

திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதையின் இரகசியம் திரைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இருட்டில் பதுங்கியிருப்பதை ஒருவர் கவனித்தாரா என்று பார்க்கும் உருட்டலை மறைத்துச் செய்வதிலும் பொருள் உண்டு, எண்ணைப் பார்த்தாலே ஏதோ பதுங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ஒருவரின் உயிரையோ வெற்றியையோ தீர்மானிக்கும் காய் வெளியே விழ வேண்டும். விளைவை ஏற்க மனம் இல்லாவிட்டால் அந்த இடத்தில் காயைக் கையில் எடுக்கவே வேண்டாம், கதையாகச் சொல்லிவிட்டுப் போகலாம். எடுத்துவிட்டால் விழுந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைப் பலரும் உணர்ந்துதான் இருக்கிறார்கள். இணையத்தில் இந்த ஆட்டத்துக்கு மேசை அமைத்துத்தரும் ரோல்20 என்ற தளம் 2012 இல் வந்தது. அங்கே சாதாரணமாக உருட்டும் எண் எல்லார் திரையிலும் தோன்றும். பகடைக் கோபுரமும் திரும்ப வந்திருக்கிறது. ரோமானியரின் செம்புக்குப் பதில் இன்று மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்து விற்கிறார்கள்.

புளியங்கொட்டை திரும்பிய இரவு

அன்று சாயங்காலம் மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து ஒரு வழக்கம் வகுத்தார்கள். சமையலறை டப்பாவிலிருந்து நான் புளியங்கொட்டை எடுத்து ஒரு பக்கம் தேய்த்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்று. விழுந்த காய் பொறுக்க முடியாததாக இருந்தால், கொட்டையை மேசை நடுவில் வைத்துவிட்டு ஒரேயொரு தடவை மறுபடி உருட்டச் சொல்லலாம். அதன் பிறகு விழுந்தது விழுந்ததுதான். டீ.எம். உருட்டுவதும் திரைக்கு முன்னால். உருட்ட ஒரு சிரட்டை கொடுத்தேன், அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

கடைசி இரவில் பூதத்தை எழுப்பிய பேராசைக்காரனே எதிரியாக வந்தான். சிரட்டை கவிழ்ந்தது. 20. எல்லாரும் பார்த்தோம். என் மகள் தன் புளியங்கொட்டையை நடுவில் வைத்தாள். மறுபடி சிரட்டை கவிழ்ந்தது. 19. அதுவும் போதுமான அடி.

யாரும் பேசவில்லை. அவள் அந்தப் பகடையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, விழுந்துட்டேன்” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் உடையவில்லை. மற்ற மூன்று பேரும் அந்தப் பெண்ணின் உடலைக் குழிக்கு வெளியே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். அவளுடைய கத்தியை இன்னொருவர் எடுத்துக்கொண்டு போராடி வென்றார். கதை சாகவில்லை. போன வெற்றியைவிட இந்தத் தோல்வியைத்தான் அவள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள்.

லயத்து இஸ்தோப்பில் எங்களுக்கு வசதி எதுவும் இருக்கவில்லை. வெளியே எங்கள் வாழ்க்கையைத் தீர்மானித்த எண்கள் எல்லாம் எங்கள் கண்ணுக்கு மறைவாகவே விழுந்தன. அதனால்தானோ என்னவோ, எங்கள் கையில் இருந்த ஒரே ஒரு கட்டத்தை அப்பாயி அவ்வளவு திறந்து வைத்திருந்தார். இன்று பிள்ளைகளிடம் இருபது முகப் பகடை இருக்கிறது, உலகத்துக் கதைகள் இருக்கின்றன, அவர்கள் ஆட்டம் எங்கள் ஆட்டத்தைவிட வளமானது. அதை மனமார வாழ்த்துகிறேன். எங்களிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான் மிச்சம்.

பிள்ளைகளோடு விளையாடும் பெரியவர்களுக்கும், மேசையில் கதை நடத்தும் இளையவர்களுக்கும் அதைச் சொல்லி முடிக்கிறேன். இரக்கப்படுங்கள், சொல்லிவிட்டு இரக்கப்படுங்கள். காய் எல்லாரும் பார்க்க விழட்டும்.